சைலன்ஸரைத் திறந்த பிறகு கார்புரேட்டரை எப்படி வைப்பது?

60 சிசி செயின்சா ஒன்று பெரிய கட்டையில் இறக்கினால் திணறுகிறது, சைலன்ஸரில் இன்னொரு வழி திறந்துவிட்டால் பவர் கூடும் என்கிறார்கள், செய்யலாமா, செய்தால் கார்புரேட்டரில் எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது கேள்வி.

செய்யலாம். சரியாகச் செய்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துளை போடுவது இதில் சின்ன வேலை. அதற்குப் பிறகு கார்புரேட்டரை வைப்பதில்தான் மெஷினின் ஆயுசே இருக்கிறது. துளையைப் போட்டுவிட்டு டியூனிங்கை விட்டுவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ள அதிக நாள் ஆகாது. முழு ஆக்ஸிலேட்டரில் போகும் பெட்ரோலை வைக்கும் எச் ஸ்க்ரூ இல்லாத, அல்லது அதைத் திருப்பவே வழியில்லாத சாதாரண கார்புரேட்டர் என்றால் சைலன்ஸரைத் தொடாதீர்கள். பெட்ரோல் அளவை எலக்ட்ரானிக்ஸே வைத்துக்கொள்ளும் மெஷின்கள் வேறு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

திணறுகிறது என்று சொன்னீர்கள் அல்லவா, அதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செயின் மழுங்கியிருந்தால் எவ்வளவு பவர் இருந்தும் பயனில்லை. அறுக்கும்போது நல்ல சீவலாக விழாமல் மாவு மாதிரி தூள் வந்தால் செயினைத்தான் தீட்ட வேண்டும், சைலன்ஸரை அல்ல. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். சைலன்ஸர் வாயில் இருக்கும் சின்னக் கம்பி வலையில் கார்பன் படிந்து பாதி மூடியிருக்கலாம்; பழைய மெஷின்களில் இது அடிக்கடி நடக்கும். அந்த வலையைக் கழற்றி கம்பி பிரஷால் தேய்த்து மாட்டிய உடனே பழைய பவர் திரும்பிய மெஷின்கள் நிறைய உண்டு. செயினும் ஃபில்டரும் வலையும் சரியாக இருந்து, இன்னும் வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் புகை வெளியே போவதும் புதுக் கலவை உள்ளே வருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன. 13,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 13,000 சுற்றில், ஓடும் மெஷின் நொடிக்கு 216 தடவை இதைச் செய்ய வேண்டும். வெளியே போகும் வழி குறுகலாக இருந்தால் எரிந்த புகை முழுக்கப் போவதற்குள் எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) மூடிவிடும். மிச்சமிருக்கும் புகை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் புதுக் கலவை குறைவாகத்தான் நுழையும். சத்தத்தையும் புகை மாசையும் குறைக்க வேண்டி, இப்போது வரும் பல மெஷின்களில் சைலன்ஸர் வாயைச் சிறிதாகவே வைக்கிறார்கள். சைலன்ஸர் வேலையில் கிடைக்கும் லாபமெல்லாம் இந்த நெருக்கடியைத் தளர்த்துவதால் வருவதுதான். ஆகவே தொழிற்சாலையில் எவ்வளவு இறுக்கியிருக்கிறார்களோ அந்த அளவுக்குத்தான் பலன். முன்பே வாய் பெரிதாக உள்ள பழைய மெஷினில் எதிர்பார்த்த அளவு கிடைக்காது.

சைலன்ஸரைக் கழற்றியதும் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். டார்ச் அடித்து, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக பிஸ்டனைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டன் மேலும் கீழும் நகரும். நல்ல பிஸ்டனில் கடைசல் வேலையின்போது விழுந்த மெல்லிய கோடுகள் குறுக்கே, படுக்கைவாட்டில் தெரியும். அதற்குப் பதில் மேலிருந்து கீழாகக் கீறல்களும், அலுமினியம் தேய்ந்து மினுமினுக்கும் பட்டைகளும் தெரிந்தால், இந்த மெஷின் ஏற்கெனவே ஒருமுறை சூடாகிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். காரணம் பெட்ரோல் போதாமையா, ஆயில் போதாமையா, காற்றுக் கசிவா என்று கண்டுபிடித்துச் சரி செய்யாமல் பவர் கூட்டப் போகாதீர்கள். அங்கிருந்து நேராக சிலிண்டர் செலவுதான்.

பிஸ்டன் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு திறப்பது? எக்ஸாஸ்ட் போர்ட்டின் பரப்பில் சுமார் 70 முதல் 80 சதவீதம் வரை சைலன்ஸரின் மொத்த வெளிவாய் இருந்தால் போதும் என்பது இந்த வேலை செய்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. போர்ட் 32 மி.மீ. அகலம், 13 மி.மீ. உயரம் என்றால் பெருக்கினால் 416. மூலைகள் வளைந்திருப்பதால் 400 சதுர மி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். அதில் 75 சதவீதம் 300. இப்போதிருக்கும் வாய் 10-க்கு 14, அதாவது 140 என்றால் இன்னும் 160 வேண்டும். 14 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை 154 கொடுக்கும். வேலை முடிந்தது. வலை மாட்டும்போது அதன் கம்பிகளே கொஞ்சம் இடத்தை அடைக்கும், அதனால் வாயைச் சற்றுப் பெரிதாக்க வேண்டிவரும்.

இதற்கு மேல் திறந்தால் இன்னும் பவர் வரும் என்று நினைத்து முழு மூடியையும் வெட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். புதுக் கலவை எரியாமலே வெளியே ஓடும், பெட்ரோல் வீணாகும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையும், சத்தம் மட்டும் இரண்டு மடங்கானது போல் கேட்கும்.

உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள சைலன்ஸர் என்றால் வெளிவாயை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை. தகட்டில் உள்ள துளைகள்தான் நெருக்கடி என்றால் அவற்றையும் சேர்த்துத் திறக்க வேண்டும். ஆனால் சில மெஷின்களில் அந்தத் தகடும் அதன் குழாய்களும்தான் சைலன்ஸரின் போல்ட்டைத் தாங்கி நிற்கும். அதைப் பிடுங்கிவிட்டால் போல்ட்டை இறுக்கும்போது பெட்டி நசுங்கி, பிறகு ஆடத் தொடங்கும். எடுக்கும் முன் எது எதைத் தாங்குகிறது என்று பாருங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகை மாசைக் குறைக்கும் பாகம்) உள்ள சைலன்ஸரை வெட்டுவதைவிட, அதே மெஷினுக்குப் பொருந்தும் சாதாரண சைலன்ஸர் கிடைத்தால் அதை வாங்கி அதில் வேலை செய்வது நல்லது.

புது வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் கவர், ஆயில் டேங்க், பிடித்திருப்பவரின் கை, முகம் எதன் மேலும் புகை அடிக்கக் கூடாது. துளைக்கு மேல் ஒரு சின்ன வளைதகட்டை வெல்டிங் வைத்து முன்பக்கமாகவோ மெஷினைவிட்டு விலகியோ திருப்பிவிடுங்கள். துளை போடுவதும் அரம் போடுவதும் சைலன்ஸரைக் கழற்றி வைத்துத்தான். மெஷினில் மாட்டியபடி டிரில் போட்டால் இரும்புத் துருவல் போர்ட் வழியே உள்ளே போகும். கழற்றியிருக்கும் நேரத்தில் பிஸ்டனை மேலே கொண்டுவந்து போர்ட்டை மூடி, சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள். பிசிறை அரத்தால் எடுத்து, பெட்டியைத் தட்டி, காற்றடித்து, மறுபடியும் தட்டுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துணுக்கு பின்னால் சிலிண்டருக்குள் உறிஞ்சப்பட்டால் சுவரைக் கீறிவிடும். கேஸ்கட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். முதல் டேங்க் ஓடி மெஷின் ஆறியதும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

சைலன்ஸர் வாயில் இருக்கும் அந்தக் கம்பி வலைதான் தீப்பொறியைத் தடுப்பது, அதை எடுத்தெறியாதீர்கள். சூடான கார்பன் துணுக்கு ஒன்று காய்ந்த சருகில் விழுந்தால் போதும். புது வாய்க்கும் சேர்த்து வலை வையுங்கள். பல நாடுகளில் காட்டுக்குள் வலை இல்லாமல் செயின்சா ஓட்டுவது குற்றம், சைலன்ஸரையும் கார்புரேட்டரின் தடுப்பு மூடிகளையும் மாற்றுவதே மாசு விதிகளின்படி தவறாகும் இடங்களும் உண்டு. வாரண்டியும் போய்விடும். உங்கள் ஊர் விதி என்னவென்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். காதும் முக்கியம். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நையோஷ் தரும் வரம்பு. அந்தக் கணக்கில் 110 டெசிபலுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்கூட இல்லை. சைலன்ஸர் திறந்த மெஷினுக்குக் காதுக்குள் பிளக், அதன் மேல் இயர்மஃப், இரண்டும் போடுங்கள்.

சரி, கார்புரேட்டருக்கு வருவோம். வழி திறந்ததும் என்ஜினுக்குள் முன்பைவிட அதிகக் காற்று போகிறது. பெட்ரோல் அளவோ பழைய செட்டிங்கிலேயே நிற்கிறது. ஆக, காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. மெக்கானிக்குகள் லீன் என்று சொல்வது இதைத்தான். டூ ஸ்ட்ரோக்கில் இது ஏன் இவ்வளவு ஆபத்து என்றால், பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சி குறைகிறது, அதே மூச்சில் மசகும் குறைகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் உரசும். இன்னொரு மோசமான விஷயம், லீனாக ஓடும் மெஷின் கேட்பதற்கு நன்றாக இருக்கும். கூர்மையாக, வேகமாக, உற்சாகமாக அலறும். அந்த அலறலைப் பவர் என்று நம்பி அப்படியே விட்டுவிடுவதால்தான் பாதி மெஷின்கள் சாகின்றன.

பெரும்பாலான செயின்சா கார்புரேட்டர்களில் மூன்று ஸ்க்ரூ இருக்கும். எல் என்பது ஐடிலிங்கிலும் ஆக்ஸிலேட்டரை அழுத்தத் தொடங்கும்போதும் போகும் பெட்ரோல். எச் என்பது முழு ஆக்ஸிலேட்டரில் போகும் பெட்ரோல். எல்ஏ, சிலவற்றில் டி, என்பது ஐடிலிங் வேகம் மட்டும். எல், எச் இரண்டையும் வலப்பக்கம் திருப்பி உள்ளே விட்டால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருப்பி வெளியே எடுத்தால் கூடும். வேலையைத் தொடங்கும் முன், இந்த இரண்டையும் மெதுவாக உள்ளே திருப்பி, லேசாக முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முட்டியதும் நிறுத்த வேண்டும். இறுக்கினால் ஊசி முனையும் அது உட்காரும் இடமும் கெட்டுவிடும். ஸ்க்ரூ தலையில் பிளாஸ்டிக் தடுப்பு மூடி இருந்தால் கால் சுற்று, அரைச் சுற்றுக்கு மேல் திரும்பாது. சைலன்ஸர் திறந்த மெஷினுக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் போதாது. சில மாடல்களில் சாதாரணத் திருப்புளி நுழையாது, அதற்கென்ற தனித் திருப்புளி வாங்க வேண்டும்.

டியூனிங்குக்கு மெஷின் தயாராக இருக்க வேண்டும். சுத்தமான ஏர் ஃபில்டர், புதுப் பெட்ரோல், சரியான அளவில் ஆயில். பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் மாட்டி, செயினின் இறுக்கத்தைச் சரியாக வைத்து, கவர் மூடி ஓட்டுங்கள். இவை இல்லாமல் ஓட்டினால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி. பாதுகாப்புக்கு ஆயிலைக் கூட்டினால் கலவை ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. கார்புரேட்டரின் அதே ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) வழியே போகும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது, கொஞ்சம் லீன் ஆகிறது. ஆயில் அளவை மாற்றினால் மறுபடியும் டியூன் செய்தாக வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எச் ஸ்க்ரூவைப் பழைய இடத்திலிருந்து கால் சுற்று வெளியே எடுத்துவிடுங்கள். புகை கொஞ்சம் வந்தாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடம் ஏதாவது அறுத்து மெஷினைச் சூடாக்குங்கள். குளிர்ந்த மெஷினில் வைத்த செட்டிங் நிற்காது.

முதலில் எல். ஐடிலிங்கில் விட்டு மெதுவாக உள்ளே திருப்புங்கள். வேகம் ஏறும், ஒரு கட்டத்தில் தடுமாறும். வெளியே திருப்பினால் மறுபடி ஏறி, பிறகு மந்தமாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு சுற்று வெளியே எடுங்கள். இப்போது எல்ஏவைத் திருப்பி, செயின் நகராமல் மெஷின் நிதானமாக ஓடும்படி வையுங்கள். பல மெஷின்களுக்கு இது 2,700, 2,800 ஆர்பிஎம் அருகில் இருக்கும். ஐடிலிங்கில் செயின் ஊர்ந்தால் அது விபத்து, அப்படியே வைக்கக் கூடாது. பிறகு ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்திப் பாருங்கள். ஒரு கணம் செத்துப் பிறகு எழுந்தால் எல் இன்னும் கொஞ்சம் வெளியே வர வேண்டும். புகையோடு குமுறி எழுந்தால் கொஞ்சம் உள்ளே.

அப்புறம் எச். இங்கே காது வேண்டும். ரிச்சாக இருக்கும் டூ ஸ்ட்ரோக், பாரம் இல்லாமல் முழு ஆக்ஸிலேட்டரில் ஒவ்வொரு சுற்றிலும் ஒழுங்காக வெடிக்காது. சில சுற்றை விட்டுவிட்டு வெடிக்கும். அப்போது ஒலியில் ஒரு கரகரப்பு இருக்கும், தொண்டை கட்டியவர் பேசுவது போல. மெக்கானிக்குகள் ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கிறது என்பார்கள். ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டால் அந்தக் கரகரப்பு மறைந்து ஒரே சீரான, இழுத்துப் பிடித்த இரைச்சலாக மாறும். அந்த மாற்றம் நடக்கும் இடம்தான் எல்லை. அங்கே நிற்காதீர்கள். கரகரப்பு தெளிவாகத் திரும்பும் வரை வெளியே எடுங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் முழு ஆக்ஸிலேட்டரில் பிடிக்காதீர்கள். பாரமில்லாமல் அலற விடுவதே மெஷினுக்குக் கேடு.

கடைசித் தீர்ப்பைச் சொல்வது மரம்தான். நல்ல கனமான கட்டையில், பாரின் பாதி நீளமாவது புதையும்படி முழு ஆக்ஸிலேட்டரில் அறுங்கள். செயின் மரத்தைக் கடித்ததும் கரகரப்பு மறைந்து ஒலி சுத்தமாக வேண்டும். அறுத்துக்கொண்டே, ஆக்ஸிலேட்டரை விடாமல், மெஷினை லேசாகத் தூக்குங்கள். பாரம் குறைந்த உடனே கரகரப்பு திரும்ப வேண்டும். மறுபடி அழுத்தினால் மறைய வேண்டும். இது நடந்தால் செட்டிங் சரி. தூக்கியும் கரகரப்பு வரவில்லை என்றால் லீன், உடனே வெளியே திருப்புங்கள். மரத்துக்குள்ளேயும் கரகரத்துக்கொண்டே இருந்தால் ரிச், கொஞ்சம் உள்ளே. ஸ்க்ரூவை ஒரு தடவைக்கு ஒரு நூலளவு மட்டும் நகர்த்துங்கள். பல கார்புரேட்டர்களில் எல் வழியும் முழு ஆக்ஸிலேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் தருவதால், எச் முடிந்ததும் எல் ஸ்க்ரூவை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

இதில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. பல மெஷின்களின் இக்னிஷன் காயில், வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஸ்பார்க்கை வெட்டிவிடும். அந்தத் தடுமாற்றமும் காதுக்கு ஏறக்குறைய இதே கரகரப்புதான். மெஷின் லீனாகி வரம்பில் முட்டிக்கொண்டிருக்க, ரிச்சாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் உள்ளே திருப்பினால் கதை முடிந்தது. எச் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். உண்மையான ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஒலி தடித்து வேகம் தெளிவாக இறங்கும். காயில் வெட்டியிருந்தால் தடுமாற்றம் முதலில் நின்று ஒலி சுத்தமாகும், அதன் பிறகுதான் கரகரப்பு வரும். அதனால் எப்போதும் ரிச் பக்கத்திலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். ஆர்பிஎம்மை அளக்கும் டாகோமீட்டர் இருந்தால் குழப்பமே இல்லை. கையேட்டில் உள்ள அதிகபட்ச ஆர்பிஎம்முக்குச் சில நூறு கீழே நிறுத்துங்கள். சைலன்ஸர் திறந்ததால் பாரமில்லா வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. கூட வேண்டியது மரத்துக்குள் நிற்கும் வேகம்.

டியூன் பிடிபடாமல் நழுவினால், ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேகம் இறங்காமல் தொங்கினால், மெஷினைச் சாய்த்தால் ஐடிலிங் மாறினால், ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாதீர்கள். கிராங்க் சீலிலோ இன்டேக் ரப்பரிலோ காற்று கசிகிறதா என்று அழுத்தமும் வேக்யூமும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். கசிவை ஸ்க்ரூவால் மறைத்து ஓட்டினால் கசிவு கூடும் நாளில் பிஸ்டன் போகும்.

ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன், ஸ்டில்லின் எம்-ட்ரானிக் போன்றவற்றில் இந்த ஸ்க்ரூக்களே கிடையாது. பெட்ரோல் அளவை எலக்ட்ரானிக்ஸே வைத்துக்கொள்ளும், சைலன்ஸர் மாற்றத்தையும் ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு என்பதால் அவற்றில் இன்னும் அடக்கமாகத் திறங்கள். திறந்த பிறகு சில நிமிடம் நன்றாகப் பாரம் கொடுத்து அறுத்து, அது பழகிக்கொள்ள நேரம் கொடுங்கள்.

எச் ஸ்க்ரூவை வைத்து முடித்ததும் புது ஸ்பார்க் பிளக் ஒன்று போட்டு ஒரு டேங்க் அறுத்துவிட்டு, முழு ஆக்ஸிலேட்டரில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்ச்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது, வெளேரென்று இருந்தால் பெட்ரோலைக் கூட்டுங்கள். நிறம் மட்டும் போதாது, அதோடு போர்ட் வழியாக பிஸ்டனையும் மறுபடி பாருங்கள். அந்தப் படுக்கைவாட்டுக் கோடுகள் அப்படியே இருக்க வேண்டும். குளிர் கூடினால் காற்று அடர்த்தியாகி மெஷின் லீன் பக்கம் சாயும், மலை ஏறினால் ரிச் பக்கம் சாயும். ஆகவே பருவம் மாறும்போதும் உயரம் மாறும்போதும் கட்டையில் இறக்கி, தூக்கி, கரகரப்பு வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். திருப்புளி மெஷினோடேயே இருக்கட்டும்.